இரவல் கைகளால் நடக்கும் ஊர்

அன்று காலை அப்பத்தாவின் பால் வரவில்லை. அதை முதலில் கவனித்தவர் பால் சொசைட்டியில் அளக்கும் தம்பி. மழையோ பனியோ, ஆறு மணிக்கெல்லாம் தூக்குவாளியோடு வந்து வரிசையில் முதல் மூன்று பேருக்குள் நிற்பவர் அப்பத்தா. கேன்களை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்படும் நேரமாகியும் ஆளைக் காணோம். தம்பி ஒரு பையனைக் கிழக்குத் தெருவுக்கு ஓடச் சொன்னார். தொழுவத்தில், மாட்டின் காலுக்கு ஒரு முழம் தள்ளி, சாணமும் மழைநீரும் கலந்த சேற்றில் அப்பத்தா கிடந்தார். விழுந்தது நாலரை மணிவாக்கில். குரல் கம்மும்வரை கூப்பிட்டிருக்கிறார். இருபுறமும் பூட்டிய வீடுகள். எதிர்வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். அவருக்குக் காது கேட்காது.

2025 ஐப்பசியில் நடந்தது இது. உசிலம்பட்டியிலிருந்து பேரையூர் போகும் பக்கத்தில் உள்ள சின்ன ஊர். என் அப்பா பிறந்த ஊர். ஒரு கடைத்தெரு, ஊர் கூடும் திடலான ஒரு மந்தை, ஒரு ஈராசிரியர் பள்ளி, ஒரு ரேஷன் கடை, அவ்வளவுதான். மதுரையில் முதியோரோடு வேலை செய்பவன் நான். எத்தனையோ பேருடைய வீட்டு நிலைமையை எழுதிக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். முறைக்கு எனக்கும் அப்பத்தாவான இவருடைய நிகழ்வை முழுதாக எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. இதில் கெட்டவர் என்று யாருமே இல்லை. பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள், அரசுத் திட்டங்கள் இருந்தன, ஆம்புலன்ஸ் வந்தது, அக்கம்பக்கம் ஓடி வந்தது. அப்படியும் அவர் இரண்டு மணி நேரம் சேற்றில் கிடந்தார். அது எப்படி என்பதுதான் என் கேள்வி. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

ஊர் எப்படிக் காலியானது

மேலூர்ப் பக்கம் போல ஆற்றுப் பாசனம் உள்ள பூமி இல்லை இது. 1895இல் பெரியாறு அணை கட்டி முடித்து, மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய தண்ணீரை வைகைக்குத் திருப்பியபோது மேலூர் வயல்கள் பச்சையாயின. இந்தப் பக்கத்துக் கம்மாய்கள் வானத்தைப் பார்த்தபடியே இருந்தன. மானாவாரிச் சோளமும் பருத்தியும் ஒரு குடும்பத்துக்குப் போதாதபோது ஆண்கள் வெளியே கிளம்பினார்கள். திருப்பூர் பனியன் கம்பெனி சிலருக்கு; ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் முறுக்குக் கம்பெனி சிலருக்கு. முதலில் ஆண்கள் மட்டும் போய்ச் சித்திரைக்கும் தீபாவளிக்கும் திரும்பி வந்தார்கள். பிறகு மனைவியையும் கூட்டிப்போனார்கள். குழந்தைகள் அங்கேயே பள்ளியில் சேர்ந்த பிறகு, ஊர் திருவிழாவுக்கு வந்துபோகும் இடமாகிவிட்டது.

இன்னொரு பக்கம் குடும்பங்கள் சிறுத்தன. அப்பத்தாவோடு பிறந்தவர்கள் எட்டுப் பேர். அவருக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். கடைசி மகனுக்கு ஒரு பிள்ளை, மற்ற மூவருக்கும் ஆளுக்கு இரண்டு. தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள்; மக்கள் தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். அரசின் மதிப்பீட்டின்படி 2021இல் அது 13.6 விழுக்காடு, 2031இல் 18.2 விழுக்காடு ஆகும். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். மதுரை நகரத்தையும் திருப்பூரையும் சேர்த்துப் போட்ட சராசரி இது. திருப்பூருக்கு ஆள் அனுப்பிய ஊரில் நிலைமை எப்படியிருக்கும் என்பதற்குச் சாயங்காலம் மந்தைக்குப் போனால் போதும். கல்லில் உட்கார்ந்திருப்பவர்களில் தலை நரைக்காதவரைத் தேட வேண்டும்.

கடைத்தெருப் பெட்டிக்கடையில் முன்பு கண்ணாடி ஜாடிகளில் தேன்மிட்டாயும் கடலைமிட்டாயும் இருக்கும். இப்போது அந்த வரிசையில் தைலப் புட்டிகளும், மாவைக் கரைத்துக் குடிக்கும் சத்துப் பானப் பாக்கெட்டுகளும் தொங்குகின்றன. பெரியவர்களுக்கான டயப்பர் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றொன்றாக விற்கிறார் கடைக்காரர். முழுப் பாக்கெட் வாங்கும் அளவுக்கு ஒரே நாளில் யாரிடமும் காசு இருப்பதில்லை என்றார்.

பஸ்ஸில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்த ஊர்க் கிழவிகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் முதல் படிக்கட்டு முழங்கால் உயரம். கைத்தடியை முதலில் உள்ளே போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து, பின்னாலிருந்து யாராவது தாங்கிக்கொண்டால்தான் ஏற முடியும். கண்டக்டர் தினமும் இறங்கி நின்று கை கொடுக்கிறார். அது அவர் வேலைப் பட்டியலில் இல்லை. அவர் இரவல் கொடுக்கும் கை. இந்த ஊரில் இப்போது எல்லாமே இப்படி இரவல் கைகளில்தான் நடக்கிறது. ரேகை வைக்க ஒரு கை, கைபேசியில் வந்த எண்ணை வாசிக்க ஒரு கண், சிலிண்டரை நகர்த்த ஒரு தோள். இரவல் தருபவர்கள் மனம் கோணாமல்தான் தருகிறார்கள். ஆனால் விடியற்காலை நாலரை மணிக்கு இரவல் கேட்க முடியாது.

ஏன் விழுந்தார்

வழுக்கி விழுந்தார் என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதினார்கள். தப்பில்லை. நான் தொழுவத்தைப் போய்ப் பார்த்தேன்.

தொழுவத்தில் பல்பு எரியவில்லை. மூன்று வாரமாக எரியவில்லை. புதிய பல்பு வாங்கியிருந்தார். அட்டைப் பெட்டியோடு மாடத்தில், விபூதிக் கொப்பரைக்குப் பக்கத்தில் இருந்தது. மாட்ட ஆளில்லை. ஹோல்டர் இருக்கும் உயரத்துக்கு ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். அந்தத் தெருவில் குடியிருப்பவர்களில் ஸ்டூலில் ஏறத் தைரியமுள்ளவர் ஒருவரும் இல்லை. "தீபாவளிக்குப் பேரன் வருவான், அவன் மாட்டுவான் என்று இருந்தேன்" என்றார் அப்பத்தா. தீபாவளிக்குப் பேரன் வந்தான். வந்த இரண்டு நாளும் பகல் வெளிச்சத்தில் பல்பு நினைவுக்கு வரவில்லை.

பல்பு எரிந்திருந்தாலும் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். இரண்டு கண்ணிலும் புரை. மதுரையில் இருந்துகொண்டு கண்புரையோடு வாழ்வது வருத்தமான விஷயம். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. அவர்கள் கிராமங்களில் முகாம் போட்டு, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், இலவசமாக லென்ஸ் வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். அப்பத்தாவின் பெயரை முகாமில் எழுதியிருக்கிறார்கள். அவர்தான் பஸ் ஏறவில்லை. காரணம் கேட்டேன். "மாட்டை யார் பார்ப்பது?" என்றார். பால் கறக்க வேண்டும், தட்டை போட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும். இரண்டு மூன்று நாள் அதைச் செய்ய ஒரு கை கிடைக்காததால் அறுவை சிகிச்சை தள்ளிப்போனது.

மூன்றாவது, மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் அவர் வீட்டுக்கே வருகின்றன. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த ஊர்வரை ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் போகிறார். அப்பத்தாவும் தவறாமல் மாத்திரை போடுகிறார். சாப்பாடுதான் தவறுகிறது. ஒற்றை ஆளுக்கு ராத்திரி என்ன உலை வைப்பது என்று பாதி நாள் ஒரு டம்ளர் மோரோடு படுத்துவிடுவார். வெறும் வயிறு, அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை, விடியற்காலை படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்திருப்பது, மூன்றும் சேர்ந்தால் தலை கிறுகிறுக்கும் என்பதை எந்த மருத்துவரும் சொல்வார். சொல்லியும் இருக்கிறார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இருந்திருந்தால் அந்த அறிவுரை தேவைப்பட்டிருக்காது.

ஆக, மாட்டக் கை கிடைக்காத பல்பு, மாட்டைப் பார்க்கக் கை கிடைக்காததால் தங்கிவிட்ட புரை, தனி ஆளின் அணைந்த அடுப்பு. ஐப்பசி மழை கடைசியில் வந்து சேர்ந்தது.

பணம் வந்தது, ஆள் வரவில்லை

108 வண்டி வர அதிக நேரம் ஆகவில்லை. 2008இல் இந்தச் சேவை வந்த பிறகு நம் கிராமங்களில் பிழைத்தவர்களின் கணக்கு பெரியது. அதை மனமாரச் சொல்கிறேன். உசிலம்பட்டியில் எக்ஸ்ரே எடுத்ததில் இடுப்பு மூட்டருகே தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மகன்களுக்குத் தகவல் போன ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பேரும் கைபேசியில் பணம் அனுப்பிவிட்டார்கள். திருப்பூரில் இருக்கும் இருவரில் ஒருவர் மறுநாள் மாலை வந்தார். ஆந்திரத்தில் இருப்பவர் மூன்றாம் நாள். கடைசி மகனுக்குக் கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் முடியும் வாரம், விடுப்புக் கிடைக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஒரு நோயாளியோடு ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். ரத்தப் பரிசோதனைக் குழாயைக் கொண்டுபோய்க் கொடுக்க, ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் நடக்க, கஞ்சி வாங்கிவர, இயற்கை உபாதைக்குப் பாத்திரம் வைக்க, அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட. முதல் ஒன்றரை நாள் அந்த ஆளாக இருந்தவர் அப்பத்தாவின் ஓரகத்தி. அவருக்கே 70 கடந்துவிட்டது. வார்டுக்கு மாடி ஏறி இறங்கி இரண்டாம் நாள் அவருக்குக் கால் வீங்கிவிட்டது. ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றபோது, பால் அளக்கும் தம்பி சொசைட்டியை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறி வந்தார். இந்த வகை முறிவுக்கு இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிடுவது நல்லது. படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும். அப்பத்தாவுக்கு நான்காம் நாள்தான் நடந்தது. அந்தத் தாமதம் எங்கள் பக்கத்தில் ஏற்பட்டது. ரத்தத்துக்கும் கையெழுத்துக்கும் ஆள் சேர்க்க எங்களுக்கு அவ்வளவு நாள் ஆனது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. இதை ஒருவரால் தனியாகச் செய்ய முடியாது. ஒருவர் தோளையும் இன்னொருவர் இடுப்பையும் பிடித்து ஒரே மூச்சில் திருப்பி, கால்களுக்கு நடுவே தலையணை வைக்க வேண்டும். நான் இரண்டு இரவு இருந்தேன். பகலில் எளிதாகத் தெரிகிற வேலை, நள்ளிரவு இரண்டு மணிக்கு ஊரிலேயே மிகப் பெரிய வேலையாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் மகள் வந்து தாயின் காலடியில் பாயை விரித்தார். அவர் வத்தலக்குண்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அங்கே பூப்பறிக்கும் கூலியை விட்டுவிட்டு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஐம்பது நாள் இருந்தார். மகன்கள் கொடுத்த பணம் கணக்கில் வந்தது. மகள் இழந்த கூலியை யாரும் கணக்கில் எழுதவில்லை. நான் எழுதிக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்தால் எனக்கு மனம் ஆறாது. 1980களில் இந்த வட்டாரத்தின் பெயர் பெண்சிசுக் கொலையால் நாடு முழுக்க அடிபட்டது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் மதுரைக்கும் வந்தது. அப்போது பிறந்து வளர விடப்பட்டிருந்தால், அந்தப் பெண்களுக்கு இன்று வயது நாற்பதுக்குப் பக்கம் இருக்கும். தாயின் காலடியில் பாய் விரித்திருந்த இந்த மகளின் வயது அதுதான்.

காகிதத்தில் உள்ள குடும்பம்

அப்பத்தா வீட்டில் ஓர் அடுப்பு, ஓர் ஆள். அவருடைய குடும்ப அட்டையில் ஐந்து பேர். கடைசி மகன், மருமகள், அவர்கள் பிள்ளை, இறந்துபோன தாத்தா, அப்பத்தா. தாத்தாவின் பெயரைக்கூட நீக்கவில்லை; நீக்க மனு எழுத ஆளில்லை.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தபோது மந்தையில் பெரிய மகிழ்ச்சி. ரேஷன் பொருள் வீட்டுக்கே வரும். 70 வயது கடந்தவர்கள் மட்டுமே உள்ள அட்டைகளுக்கு என்று அது தொடங்கியது. தனியாக வாழும் அப்பத்தாவுக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அட்டைப்படி அவர் மகனோடு வாழ்கிறார். அட்டையைப் பிரித்துவிடலாமே என்று நான் கேட்டபோது மகன் சங்கடப்பட்டார். திருப்பூரில் வாடகை வீடு. ஊர் அட்டையில் பெயர் இருப்பதுதான் தனக்கு ஊர் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி என்றார். அப்பத்தாவுக்கும் பிரிக்க விருப்பமில்லை. "பெயரை எடுத்துவிட்டால் அவன் வேறு, நான் வேறு என்று ஆகிவிடுமே ஐயா" என்றார். இந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. ஊரில் இப்படிப்பட்ட அட்டைகள்தான் பெரும்பாலும். வெளியே போனவர்கள் எல்லோரும் காகிதத்தில் இங்கேயே இருக்கிறார்கள்.

ரேகையும் அவருக்குக் கைகொடுப்பதில்லை. சாணமும் களைக்கொத்தும் விரல் நுனியைத் தேய்த்துவிட்டன. கருவியில் கட்டைவிரல் வைத்தால் ஏற்காது, ஆள்காட்டி விரல் வைத்தால் சில நாள் ஏற்கும், தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வைத்தால் ஏற்கும் என்று அவரே ஒரு முறை வைத்திருக்கிறார். முதியோர் உதவித்தொகைக்கும் இதே பாடு. 1962இல் மாதம் 20 ரூபாயோடு தமிழ்நாட்டில் தொடங்கிய உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. முன்பு அது மணியார்டரில் வந்தது. தபால்காரர் வாசலில் நின்று கொடுத்து, நலமா என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் கழித்துக்கொண்ட காசைப் பற்றி மந்தையில் கசப்பான பேச்சும் உண்டு. வங்கிக்கு மாறியதில் அந்தக் கசப்புத் தீர்ந்தது. மாதம் ஒருமுறை ஓர் ஆள் வந்து முகம் பார்ப்பதும் நின்றுபோனது.

படுத்த படுக்கையாக இருந்தபோது ரேஷனுக்கு ஒரு வழி கண்டோம். கடைக்கு வர முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை நியமித்துப் படிவம் கொடுக்கலாம். இந்த ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அப்பத்தா பால் அளக்கும் தம்பியின் மனைவியை நியமித்தார்.

மகன்கள் மீது புகார் கொடுக்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால், மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை தர உத்தரவிட முடியும். கைவிடப்பட்ட பலருக்கு அந்தச் சட்டம் உண்மையான துணை. அப்பத்தா மறுத்துவிட்டார். பிள்ளைகளைக் கோட்டாட்சியர் முன்னால் நிறுத்திவிட்டு, மாசி மாதக் குலசாமி கும்பிடான மாசிப் பச்சைக்கு எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன் என்று கேட்டார். அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். அவருக்குப் பணப் பஞ்சம் இல்லை. கைக்குத்தான் பஞ்சம், அதற்கு எந்த அதிகாரி உத்தரவிட முடியும்?

மாசிக்குப் பிறகு

மகாசிவராத்திரிக்கு ஊர் நிறைந்தது. பூட்டிய வீடுகள் திறந்தன, திண்ணைகளில் கோலம், சோளம் அடிக்கிற களத்தில் வெளி மாநில எண் போட்ட கார்கள். குலசாமிப் பெட்டி தூக்க இளவட்டங்கள் முண்டியடித்தார்கள். மூன்று மகன்களும் வந்து தாயை நாற்காலியோடு தூக்கிக் கோயில் வாசல்வரை கொண்டுபோனார்கள். பேரன் தொழுவத்தில் பல்பை மாட்டினான். மூன்றாம் நாள் பூட்டுகள் திரும்பின.

குடியரசு தின கிராம சபையில் நான் ஒரு கோரிக்கை வைத்திருந்தேன். அட்டையைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்து ஒரு பட்டியல் எடுங்கள். யார் தனியாக இருக்கிறார், யாருக்குக் காது கேட்காது, யாருக்கு ஸ்டூல் ஏற ஆள் வேண்டும் என்று எழுதுங்கள். நூறு நாள் வேலையில் வரப்பு வெட்ட முடியாத வயதுப் பெண்களே பாதிப் பேர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதையும் கூலிக்குரிய வேலையாக ஏற்கச் சொல்லித் தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள். பட்டியலுக்குச் சம்மதித்து ஊராட்சிச் செயலரிடம் நோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கிழக்குத் தெரு முடிந்திருக்கிறது. தீர்மானத்தைப் பற்றி இன்னும் பேச்சில்லை, நான் விடப்போவதில்லை.

மாட்டை விற்றுவிட்டார்கள். அப்பத்தா வாக்கரைப் பிடித்துத் திண்ணைவரை நடக்கிறார், தொழுவத்துக்குப் போகக் கூடாது. விற்ற அன்று பால் அளக்கும் தம்பி என்னிடம் வந்து கவலையோடு கேட்டார்: "இனி அப்பத்தாவின் பால் வராதே அண்ணே, எதை வைத்துத் தெரிந்துகொள்வது?" அதற்கு அவர்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். இப்போது அப்பத்தா சொசைட்டியில் கால் லிட்டர் வாங்குகிறார். இரவு படுக்கும் முன் கழுவிய டம்ளரைத் திண்ணையில் வைக்கக் கூடாது என்பது ஏற்பாடு. காலையில் எழுந்து, கதவைத் திறந்து, கையால் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஆறே காலுக்குப் பையன் பாலோடு வரும்போது திண்ணையில் டம்ளர் இருந்தால் ஊற்றிவிட்டுப் போவான். இல்லையென்றால் கதவைத் தட்டுவான்.